தோட்டத் தம்பதியரும் முதுமைக்கான முன்னேற்பாடும்

இலங்கையின் தொழிற்சட்ட வரலாற்றில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரு திருப்புமுனையாகக் கொள்ளப்படுவது வழக்கம். ஓய்வூதியம் இல்லாத தனியார்துறைத் தொழிலாளர் பெருந்திரளுக்கு முதுமைக்கென ஒரு தொகையை அது உறுதிசெய்தது. ஆயினும் கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் உழைக்கும் மலையகத்தை முன்வைத்து அச்சட்டத்தை நோக்கும்போது வேறொரு சித்திரம் புலனாகின்றது.

நிதியைப் பெறும் வயதை ஆணுக்கு 55 எனவும் பெண்ணுக்கு 50 எனவும் சட்டம் வகுத்தது. திருமணங் காரணமாக வேலையை விட்டு நீங்கும் பெண் தன் பணத்தை அப்போதே மீளப்பெறலாம் என்ற விதியும் அதிலுண்டு. திருமணத்துடன் பெண் வீட்டோடு அமைந்துவிடுவாள் என்னும் நடுத்தர வர்க்க எண்ணமே இதன் அடிப்படை எனலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணோ குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலைக்குச் சென்றவள். அவளது நாட்சம்பளம் 1984 வரை ஆணின் சம்பளத்திலும் குறைவாகவே இருந்தது. நிதிக்கான பங்களிப்பு சம்பளத்தின் வீதமாகக் கணிக்கப்படுவதால் (இன்று தொழிலாளி 8 வீதம், நிர்வாகம் 12 வீதம்) அவளது சேமிப்பும் குறைந்தது. 1984இல் கிட்டிய சமசம்பளம் பெரும் வெற்றியே. முந்திய கால் நூற்றாண்டின் இழப்பை அது ஈடுசெய்யவில்லை.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இன்னொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. இந்தியா செல்வோர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டனர். முதுமைக்கெனச் சேர்ந்த பணம், பலருக்கு நடுவயதிலேயே, அறியாத ஊரில் குடிபுகும் செலவாயிற்று.

தோட்டத்திலேயே தங்கியோரின் திட்டத்தை நிதியைக் காட்டிலும் லயக் காம்பராவே தீர்மானித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. குடியிருப்பு தோட்டத்துக்குரியது, வேலையோடு பிணைக்கப்பட்டது. இருவரும் வேலையை விட்டபின் அக்காம்பராவில் எவ்வுரிமையின் பேரில் இருப்பது? பிள்ளைகளுள் ஒருவரையேனும் தோட்டத்தில் பேர் பதியச் செய்வதே அதற்கிருந்த வழி. பாடசாலையை விட்டுப் பிள்ளை மலைக்குச் சென்றதைப் பெற்றோரின் அறியாமை என்போர் இக்கணக்கைக் காணத் தவறுகின்றனர். பெற்றோரின் கூரை அப்பிள்ளையின் பேரிலேயே தங்கியிருந்தது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் நாட்சம்பளத் தொழிலாளருக்கு ஓராண்டுச் சேவைக்கு 14 நாட்சம்பளம் என்ற வீதத்தில் கொடுப்பனவை விதித்தது. இதற்குக் குறைந்தது ஐந்தாண்டுச் சேவை வேண்டும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியே இதற்கு உரித்துடையோர். ஆனால் 50 வயதில் முதலில் கைக்கு வருவது மனைவியின் பணம். மகளின் திருமணத்திலோ பழைய கடனிலோ அது கரைந்துவிடுவதுண்டு. கணவனின் தொகை வர மேலும் சில ஆண்டுகள் செல்லும்.

இன்று பிள்ளைகள் கொழும்புக் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடிச் செல்கின்றனர். பேர் பதிய ஆளில்லாத லயங்களில், சேமலாப நிதியைப் பெற்றுமுடித்த மனைவியர் பலர் நாட்கூலிகளாக மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமக்கின்றனர்.