கைநீட்டமும் சக்கரமும்

"நாளைக்கு விளம்ப வாறியாடே, மக்கா?" நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவனுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால், மறுநாள் எங்கோ கல்யாணம் என்று பொருள். இலக்கியத் தமிழில் விளம்புதல் என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்தில் அது பரிமாறுதல்; எல்லைக்கு அந்தப்பக்கம் மலையாளத்திலும் அப்படித்தான். இலையில் அவியலுக்கு எந்த இடம், எரிசேரிக்கு எந்த இடம், பிரதமனுக்குப் பிறகும் மோர் உண்டு என்பதெல்லாம் பையன்கள் இரண்டு பந்தியில் கற்றுவிடுகிறார்கள். இதில் கிடைப்பதைக் 'கேட்டரிங் காசு' என்கிறார்கள். போனுக்கு ரீசார்ஜ், பைக்குக்குப் பெட்ரோல், சில வீடுகளில் பரீட்சைக் கட்டணமும் அதிலிருந்துதான்.

இதைப் பாக்கெட் மணி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பாக்கெட் மணி மாதாமாதம் அப்பா எடுத்துத் தருவது. அதற்கு நாஞ்சில் பேச்சில் தனிச்சொல் பிறக்கவே இல்லை. 'கைச்செலவுக்கு' என்பார்கள், அது எல்லா வயதுக்கும் பொது. வழக்கமே இல்லாத இடத்தில் சொல்லுக்கு என்ன வேலை? பிள்ளைகள் கையில் காசு வந்தது மரத்தடியிலிருந்தும் வயலிலிருந்தும்தான். ஆகவே அந்தக் காசுக்கு அந்தந்த வேலையின் பெயரே பெயர்.

கோடை தொடங்கும்போது கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை. உதிர்ந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்து, வெயிலில் காயவைத்துக் கடையில் நிறுத்துப் போடுவார்கள். மேற்கே, குலசேகரம் அருமனைப் பக்கம், ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பாலெடுத்துப் போன பிறகும் கொஞ்சம் வடியும். அது சிரட்டையில் உறைந்து கிடக்கும். வெட்டின தடத்தில் காய்ந்தது நாடா மாதிரி உரிந்து வரும். அதை உருட்டி உருட்டிப் பந்தாக்கினால் எடைக்கு விலை உண்டு. ஒட்டுப்பாலும் தோட்டக்காரருடையதே. ஆனாலும் கீழே சிந்தினது தங்களுக்கு என்று பிள்ளைகள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தோட்டக்காரர் கண்டுகொள்ளாத நாள்வரைக்கும் அது பொறுக்கல், கண்டுகொண்ட நாளில் திருட்டு. பெண்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டும் இல்லை. லீவில் 'அண்டி ஆபீஸ்' என்கிற முந்திரி ஆலைக்குப் போனவர்களின் விரலைக் கொட்டையின் எண்ணெய் பொத்துப்போகச் செய்யும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் முந்திரித் தொழிலும் பிற்பாடு சேர்ந்தது. ஆலையில் கிடைத்த கூலியும் அம்மாவின் கைக்கே போயிற்று.

உழைக்காமல், கணக்குச் சொல்லாமல் வந்தது ஒன்றுண்டு. அதற்குத்தான் இந்த ஊர் ஒரு பெயரும் வைத்திருக்கிறது: கைநீட்டம். சித்திரை விஷுவன்று கணி கண்டு கும்பிட்டதும் வீட்டுப் பெரியவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாணயம் கொடுப்பார். கோயில்களில் பூசை செய்யும் போற்றி கையிலிருந்தும் வாங்கலாம். (கணி என்றால் முதலில் காண்பது. உருளியில் பழமும் இருக்கிற தைரியத்தில் நாளிதழ்கள் அதைக் 'கனி' ஆக்கிவிட்டன.) பொதுத்தமிழில் கைநீட்டினான் என்றால் ஒன்று பிச்சை கேட்டான், இல்லையென்றால் அடித்தான். இங்கே நீளும் கை கொடுப்பவருடையது. மலையாளத்தில் கடையின் முதல் விற்பனைக்கும் கைநீட்டம் என்றே பெயர். நாம் போணி என்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லின் உள்ளர்த்தம் தெரிகிறது: வருஷத்துக்கோ நாளுக்கோ முதல் வரவு. அதனால்தான் தொகை ஒரு பொருட்டே இல்லை, ஒற்றை நாணயம் போதும்.

அந்த ஒற்றை நாணயம் திருவிதாங்கூர்க் காலத்தில் சக்கரமாக இருந்திருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இன்று நாம் பொதுப்பெயராகச் சொல்லும் காசும் பணமும் அன்றைக்குத் தனித்தனி நாணயங்கள். வெள்ளிச் சக்கரமோ ஒரு கிராமுக்கும் குறைவான பொடி; விரலால் எண்ணித் தீராது. எண்ணுவதற்கென்றே 'சக்கரப் பலகை' இருந்தது. பலகை முழுக்கச் சிறு குழிகள். ஒரு பிடி சக்கரத்தைக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று விழும், மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். கஜானாவுக்கு அந்தப் பலகை. கைநீட்டம் வாங்கின பிள்ளைக்கு டிரவுசர் பை போதும், அதுவும் ஓட்டையில்லாமல் இருந்தால்.

1949-இல் திருவிதாங்கூர் தனி அரசாக இல்லாமல் போனது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாணயம் போனாலும் பேச்சில் சக்கரம் நின்றது, பணம் என்ற பொதுப்பொருளில். 'கையில சக்கரம் இல்ல' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பந்தி விளம்பிவிட்டு வருகிற பேரன் கூலியை ஜிபேயில் வாங்குகிறான். கையில் காசாக எதுவும் வராததால், அவன் சம்பாதித்தானா இல்லையா என்றே தாத்தாவுக்குச் சந்தேகம்.