6,799 குழந்தைகளும் ஒரு கணக்கும்

தில்லி அன்சாரி நகரிலுள்ள எய்ம்ஸ் மருத்துவமனையில் 1985-86 வாக்கில் ஒரு விந்தை காணப்பட்டது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ரோட்டா வைரஸ் தொற்றிய சிசுக்களுக்குப் பேதியே வரவில்லை. டாக்டர் எம். கே. பான் குழுவினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 116-ஈ என்பது அதன் பெயர். நோவு தராத இந்த வைரஸே நோவைத் தடுக்கவும் கூடும் என்று தோன்றியது. அது 'ரோட்டாவேக்' என்ற சொட்டு மருந்தாக உரிமம் பெற 2014 ஆகிவிட்டது.

இதை ஒரு மருந்தின் வரலாறாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதன் உள்ளே கிடக்கும் எண்ணிக்கைக் கணக்கின் வரலாறுதான் பெரிதாகப் படுகிறது. "கணக்கா, ஐயோ!" என்று அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

2011 மார்ச் முதல் 2012 நவம்பர் வரை தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். 4,532 பேருக்கு மருந்து. 2,267 பேருக்கு வெற்று மருந்து. அதெதற்கு இத்தனை பேர்? கடும் ரோட்டா பேதி எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. வெற்று மருந்துக் குழுவிலேயே ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் மூன்றுதான். ஆய்வின் வலு, சேர்ந்த தலைகளை மட்டும் பொறுத்ததல்ல. நேர்ந்த நோயை எண்ணித்தான் வருகிறது. இங்கே மருந்துக் குழுவில் 71, மற்றதில் 76. முதல் குழு இரு மடங்கு பெரியது என்பதால் தடுப்புத்திறன் 53.6 விழுக்காடு, உண்மை மதிப்பு 35-க்கும் 67-க்கும் இடையில் இருக்கலாம்.

சிக்கனமாக 680 குழந்தைகளோடு நிறுத்தியிருந்தால்? பக்கத்துக்கு ஏழெட்டு நோயாளிகள்தான் கிடைத்திருப்பார்கள். அதே 53.6 வந்தாலும், மருந்தால் பயனே இல்லை என்ற வாதத்தை மறுக்க முடிந்திராது. நல்ல மருந்து ஒன்று சின்ன ஆய்வாலேயே செத்திருக்கும்.

ஆனால் பயனைக் காணப் போதுமான எண்ணிக்கை, ஆபத்தைக் காணப் போதுமா? அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்ற 'ரோட்டாஷீல்டு' மருந்து அடுத்த ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது. குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளும் 'குடல் செருகல்' என்ற ஆபத்து, ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வந்ததுதான் காரணம். அனுமதிக்கு முன் மருந்து பெற்ற சுமார் 10,000 குழந்தைகளில் 5 பேருக்கு அது வந்திருந்தும், உறுதியாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. ஆகவே அடுத்து வந்த 'ரோட்டாரிக்ஸ்', 'ரோட்டாடெக்' ஆய்வுகள் இரண்டும் தலா 60,000-க்கு மேல் குழந்தைகளைச் சேர்த்தன.

பத்தாயிரத்தில் ஒன்றான ஆபத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டுமென்றால், 30,000 பேருக்கு மருந்து கொடுத்தாக வேண்டும். நம் 4,532 பேரில் எதிர்பார்க்கத்தக்க கூடுதல் நிகழ்ச்சி அரைக்கும் குறைவு! அதாவது ஆபத்து நிஜமாகவே இருந்தாலும், மூன்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு வாய்ப்பில் அது தென்படாமலே போகும். ஆய்வில் குடல் செருகல் மருந்துக் குழுவில் 6, மற்றதில் 2. மருந்தால் ஒன்றுமே ஆகவில்லை என்றாலும் இப்படித்தான் பிரிந்திருக்கும். ஆனால் அது நிரபராதி என்பதற்குச் சாட்சியல்ல.

சண்டை இங்கேதான் கிளம்பிற்று. ஊர்வாரியாக, முக்கியமாக வேலூர்க் கணக்கை, தனியே வெளியிடு என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். துண்டுபோட்டால் எண்கள் இன்னும் சிறுத்து, அர்த்தமில்லாமல் போகும் என்பது மறுதரப்பு. புள்ளியியல்படி மறுதரப்பு சொல்வது சரிதான். ஆனாலும், வலு குறைவு என்பது எண்ணை மூடிவைக்கக் காரணமாகாது என்றே நான் நினைக்கிறேன். ஐயப்பாட்டின் அளவையும் பக்கத்தில் எழுதி வெளியிட்டால் போயிற்று. பிள்ளையைக் கொடுத்த தாய்மாருக்கு அது தெரியக்கூடாதா?

2016-இல் மருந்து ஒடிசா, ஆந்திரம், ஹரியானா, இமாசலம் ஆகிய மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் நுழைந்தது. அதன் பின் கேள்வியை வேறு வழியில் கேட்டார்கள். குடல் செருகலோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் சொட்டு கொடுத்த உடனடி நாட்களையும் மற்ற நாட்களையும் ஒப்பிட்டார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு தென்படவில்லை. டாக்டர் பான் அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.