செல்வாக்கும் அதிகாரமும்

செல்வாக்கு என்பது செல்லும் வாக்கு என விரியும். ஒருவர் சொல் பிறர் உள்ளத்துட் சென்று செயலாய் விளைதலே அதன் பொருளாம். அதிகாரமோ பதவி பற்றி வருவது. பதவி நீங்கத் தானும் நீங்குவது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர். இவற்றின் வேற்றுமையை யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் (1822–1879) சரித்திரத்தின்கண் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

நாவலரவர்கள் அரசாங்கப் பதவி எதனையும் வகித்தாரல்லர். மிஷன் பாடசாலையிற் பெற்றுவந்த ஆசிரியத் தொழிலையும் துறந்து, 1848-ம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். சிறுவர்க்குப் பாலபாடங்கள் எழுதினார், அச்சியந்திரம் நிறுவி நூல்களைத் திருத்தமுறப் பதிப்பித்தார், கோயில்களிற் பிரசங்கித்தார். நாவலர் என்னும் பட்டமும் அரசினர் அளித்ததன்று. 1849-ல் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியதே. கற்பித்தலாற் பிறந்த நன்மதிப்பே அவருக்கு முதற்பொருளாயிற்று.

அம்மதிப்பு உரைத்துப் பார்க்கப்பட்ட காலம் 1877-ம் ஆண்டு. பஞ்சமும் பேதிநோயும் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது, அவர் பொருளுடையாரை வேண்டிக் கஞ்சித்தொட்டி நிறுவிப் பசித்தார்க்கு உணவளிப்பித்தார். கட்டளையிடும் உரிமை அவர்க்கில்லை. ஆயினும் அவர் கேட்பக் கொடுத்தனர். கேட்டது தம் பொருட்டன்று என்பதனை ஊரார் அறிந்திருந்தமையே காரணமென்க.

1879-ல் சேர் முத்துக்குமாரசுவாமி காலமாக, இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர்க்குரிய தானம் வெறிதாயிற்று. அதற்கு உறுப்பினரை நியமிப்பவர் தேசாதிபதி. குடிகளுக்கு வாக்குரிமை அக்காலத்தில்லை. அங்ஙனமாகவும், நாவலரவர்கள் கூட்டங்கூட்டிப் பொ. இராமநாதனே தக்காரென ஊரவர் கருத்தைத் திரட்டி அறிவித்தார். இராமநாதனவர்கள் அவ்வாண்டே நியமனம் பெற்றார்கள். அப்போது அவர்கட்கு வயது முப்பது நிரம்பவில்லை. நாவலரவர்களும் அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் சிவபதமடைந்தார்கள். பிறரைப் பதவியில் இருத்தியவர் தாம் ஒன்றனையும் வேண்டிற்றிலர் என்பது கருதத்தக்கது.

இனி, அச்செல்வாக்கிற்கு எல்லையும் உண்டு. சாதியொழுங்கை அவர் விடாது வற்புறுத்தினார். ஆகலின் அவர் சொல் எல்லார் மாட்டும் ஒரு தன்மைத்தாய்ச் சென்றதெனல் பொருந்தாது. யாவரை ஒருவர் தம் அன்பின் வட்டத்துள் அடக்குகின்றாரோ அவரளவிலேயே அவர் வாக்குஞ் செல்லும்.

ஆதலால், பொதுவாழ்விற் புகுவார் தம்மைத் தாமே வினவவேண்டுவது ஒன்றுண்டு: பதவி கழிந்த மறுநாள் நம் சொல்லைக் கேட்பார் உளரோ? உளராயின் அது செல்வாக்கு. இலராயின் முன்னர்ப் பெற்ற வணக்கம் நாற்காலிக்குரியதென்பது தெளிக.