கட்டுமுன் கேட்கும் கேள்வி

செஞ்சியின் மூன்று குன்றுகளையும் இணைத்தோடும் மதிலைக் காண்போர் அதன் வலிமையை வியந்து செல்கின்றனர். அம்மதில் எத்தனை முறை சோதித்துத் திருத்தப்பட்டது என்பதை எண்ணுவோர் சிலரே. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். கைக்கு வந்த கோட்டை பெயர்பெற்றதே. ஆயினும் அவர் அதனை அப்படியே ஏற்கவில்லை. புதிய அரண்கள் எழுந்தன, அகழிகள் வெட்டப்பட்டன, கொத்தளங்கள் உயர்ந்தன. மதுரை மறைத்தளத்தின் சேசு சபைக் குரு அந்திரேயா பிரெய்ர், 1678ஆம் ஆண்டு மடலில் இவ்வேலையின் நேர்த்தியைப் பாராட்டியுள்ளார். 1690இல் முகலாயப் படை சூழ்ந்தபோது, 1698 வரை செஞ்சி தாக்குப்பிடித்தது. பகைவன் வருமுன் கேட்கப்பட்ட கேள்விகளுக்கும் அதில் பங்குண்டு.

அம்முற்றுகைக்குச் சற்று முன்னர், 1689 டிசம்பரில், செஞ்சிக்குக் கிழக்கே புதுச்சேரியில் ஒரு வால்வெள்ளியை ஆராய்ந்து கொண்டிருந்தார் மற்றொரு சேசு சபைக் குரு, ழான் ரிஷோ. அப்போது ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டறிந்தார். நல்ல கருவி, கண் காணாததைக் காட்டும். பிழைபட்ட கருவியோ இல்லாததையும் காட்டும், இருப்பதையும் மறைக்கும்.

ஆதலால்தான் பெருங்கருவிகளை உருவாக்குவோர், எந்தெந்தக் கட்டத்தில் நின்று மறுஆய்வு செய்வது என்பதை வேலை தொடங்குமுன்பே வகுத்துக் கொள்கின்றனர். வரைபடத்தில் ஒரு கோட்டை அழிப்பது எளிது. வார்த்த இரும்பைத் திருத்துவது அரிது.

செஞ்சிக்கு வடமேற்கே, சவ்வாது மலையின் காவலூரில் இதன் நற்சான்று நிற்கிறது. வைணு பாப்பு அங்கு 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணியைத் தொடங்கினார். பெரியதற்கு ஒரேயடியாகத் தாவாமல் படிப்படியாக ஏறினார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி பெங்களூரில் தீட்டப்பட்டது. பொறியியல் வடிவமைப்பு, வார்ப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு என ஒவ்வொன்றையும் இந்திய நிறுவனங்களே ஏற்றன. அவர் 1982இல் மறைந்தார். 1986இல் அக்கருவி அவர் பெயரைத் தாங்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே அளவான, 2.4 மீட்டர் ஆடி கொண்ட ஹப்பிள் தொலைநோக்கியின் கதை வேறு. 1990இல் விண்ணில் ஏவப்பட்டபின் அதன் பார்வை மங்கலாயிருந்தது. ஆடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்தது. அதனால் ஆடியின் விளிம்பு தலைமயிரின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு பிழையாயிற்று. இதில் வருந்தத்தக்கது யாதெனில், வேறு எளிய சோதனைகள் தரையிலேயே இப்பிழையைச் சுட்டியிருந்தன; அவை நம்பத்தக்கன அல்ல என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் வீரர்கள் விண்ணுக்கே சென்று குறையைச் சரிசெய்ய நேர்ந்தது.

ஆய்வுக் கூட்டம் கூடுவது மட்டும் போதாது. நாம் நம்பும் அளவுகோலையும் அங்கே ஐயுற வேண்டும். "இது சரியன்று" என்று சொல்பவரின் குரலுக்குச் செவி வேண்டும். தொலைநோக்கியாயினும் நாம் எழுப்பும் சிறு வீடாயினும் இதுவே முறை. செஞ்சி மதிலின் அடியில் நிற்கும்போது அதன் உயரத்தை மட்டும் அளக்க வேண்டா. வென்ற கோட்டையிலும் குறை தேடிய அந்தப் பணிவையும் அளந்து பார்ப்போம்.