வெள்ளீய நாடு கற்பித்த ஆங்கிலம்

மலையடிவாரத்து ஆற்றுமணலில் பொன் மின்னுகின்றது என்னும் செய்தி பரவிய மாத்திரத்தில், ஏரைக் கைவிட்டு உழவனும், கப்பலைக் கைவிட்டு மாலுமியும் ஒரே திசை நோக்கி ஓடிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1848இல் கலிபோர்னியாவிலும், 1851இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் பொன் வெளிப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்திலே மலாயாவின் பேராக் இராச்சியத்து லாரூட் பிரதேசத்தில் வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டு, சீனத்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து குவிந்தனர். யாழ்ப்பாணத்தவரும் பின்னாளில் அந்நாட்டுக்குச் சென்றனர். ஆனால் மண்வெட்டியும் அரிதட்டும் அவர்கள் கையில் இல்லை. அவர்களுடைய முதலீடு ஆங்கிலம் ஒன்றே. அந்த ஆங்கிலம் பூகோளத்தோடும் சரித்திரத்தோடும் பிணைந்து வந்த வரலாற்றை நோக்கினால், ஒரு பாஷை எங்ஙனம் மனிதனுக்கு வசப்படுகின்றது என்பது ஓரளவு விளங்கும்.

1816இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையிலே டானியேல் பூர் என்பாரின் தலைமையில் ஒரு செமினரியை நிறுவினர். ஆங்கிலம் அங்கே தனித்த இலக்கணப் பாடமாக நின்றுவிடாமல், பூகோளம், சரித்திரம், கணிதம், வானசாஸ்திரம் ஆகியவற்றைச் சுமந்து வரும் வாகனமாகவும் விளங்கியது. பனங்கூடலுக்கும் தரவைக்கும் அப்பால் எதனையும் கண்டிராத சிறுவன், கண்டங்களையும் சமுத்திரங்களையும் அந்தப் பாஷையிலேயே முதன்முதல் அறிந்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியில் பயின்றவர்களே. எனினும், ஆங்கிலம் கற்றோர் மதப்பிரசாரத்தை நாடாமல் அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்னும் மனக்குறை அமெரிக்காவிலிருந்த மேலதிகாரிகளுக்கு ஏற்பட்டது. அவர்களுடைய பிரதிநிதியாக வந்த ரூபஸ் அண்டர்சன், தாய்மொழிக் கல்வியே மிஷனுக்குத் தக்கதெனக் கருதினார். 1855இல் செமினரி மூடப்பட்டது.

செமினரி மூடப்பட்டதனால் ஆங்கிலக் கல்வியின் மேலிருந்த ஆசை அடங்கிவிடவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அவ்வாண்டிலேயே ஆறுமுக நாவலரும் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றை ஆரம்பித்தார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி வழங்கிய சமூகத்திலே, கற்றோர் தொகை பெருகப் பெருக, இலங்கையில் இருந்த உத்தியோகங்கள் போதாவாயின. இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, 1880களில் அரசாங்கத்தின் வருவாயும் தளர்ந்தமையால் அக்குறை மேலும் பெரிதாயிற்று.

அத்தருணத்திலேதான் வெள்ளீய நாட்டின் கதவு திறந்தது. லாரூட்டிலே சீனரின் இரு பெருங் குழுக்கள் சுரங்கங்களுக்காக ஆண்டுக்கணக்கில் பொருதிய பின், 1874இல் பங்கோர் உடன்படிக்கை நிறைவேறி ஆங்கிலேயரின் கை அங்கே ஓங்கியது. பேராக்கின் முதல் ரெசிடெண்டாகச் சென்று 1875இல் கொலையுண்ட பேர்ச் துரை, அதற்கு முன் இலங்கையில் சேவை புரிந்தவர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல் நீளத்துக்கு இடப்பட்ட மலாயாவின் முதலாவது இருப்புப்பாதை வேலைக்கும் இலங்கையிலிருந்தே பயனியர் படையினர் தருவிக்கப்பட்டனர். காட்டை அளக்கச் சர்வேயர் வேண்டும். வண்டியை நடத்த ஸ்டேசன் மாஸ்டர் வேண்டும். கணக்கெழுதக் கிளாக்கர் வேண்டும். இவ்வேலைகளுக்கு யாழ்ப்பாணத்து இளைஞர் சாரிசாரியாகப் பினாங்குக்குக் கப்பலேறினர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈப்போவும், பகாங்கில் 1889 முதல் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று பொன் தோண்டிய ராவுப்பும், நல்லூரையும் சாவகச்சேரியையும் போல அவர்களுடைய வீடுகளில் பழகிய பெயர்களாயின.

பள்ளியிலே தேசப்படத்தில் விரல் வைத்துக் கற்ற ஆங்கிலம் அங்கே கால் வைத்து நடக்கும் ஆங்கிலமாக மாறியது. ஆற்றின் வளைவை அளந்து குறிப்பேட்டில் எழுதுகின்ற சர்வேயருக்கு ஆறு, சதுப்பு, கணவாய், எல்லை என்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள், மனனம் செய்யாமலே, சேறு படிந்த பாதங்களின் வழியாக உள்ளே சென்று தங்கின. மலாய் மிராசுதாரரும் சீன முதலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒருங்கே வந்து நிற்கும் கந்தோரிலே, அந்நாட்டின் அண்மைச் சரித்திரம் முழுவதும் கிளாக்கரின் மேசையில் கோப்புகளாகக் கிடந்தது. அதனை அறியாதவர் ஒரு கடிதத்துக்கும் செவ்வனே மறுமொழி எழுத முடியாது. பாஷை முன், தேசம் பின் என்னும் வரிசை அங்கே குலைந்து, தேசத்தை அறிய அறியப் பாஷை வளர்ந்தது.

மொழி இவ்வாறு வசப்பட்டது உத்தியோகத்தில் மட்டுமன்று என்பதைக் காண, யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவை இனி நோக்குவோம். நாற்புறமும் கடல், நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, பனையும் கடலும் புகையிலையும் தரும் அளவான சீவனம். வேலணையோடு இணைக்கும் வாணர் தாம்போதி அமையும் முன்னர், மேற்படிப்பை விரும்பிய பிள்ளை வள்ளமேறியே தீவை விட்டகல வேண்டியிருந்தது. ஆதலால் உத்தியோகத்தைக் காட்டிலும் வியாபாரமே இத்தீவாருக்குப் பெருவழியாயிற்று. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் இவர்கள் கடை வைத்தனர். கடைக்கு வந்த பையன் சிங்களத்தை எந்தப் புத்தகத்திலும் படித்தவனல்லன்; அரிசியை நிறுத்துக்கொண்டே, கடன் கேட்போரின் ஊரையும் உறவையும் விசாரித்துக்கொண்டே, அவன் அம்மொழியைத் தனதாக்கிக்கொண்டான். மலாயாவிலே கிளாக்கர் ஆங்கிலத்தை அடைந்ததும், தென்னிலங்கையிலே கடைப்பையன் சிங்களத்தை அடைந்ததும் ஒரே மார்க்கத்தினால் என்பதே என் துணிபு. இருவருக்கும் மொழி ஓர் ஊரின் வடிவத்தோடும் அவ்வூராரின் கதையோடும் சேர்ந்தே கிடைத்தது. முன்னவர் மலாயாப் பென்சன்காரர் என்னும் மதிப்போடு குடாநாட்டுக்குத் திரும்பிக் கல்வீடு கட்டினார். பின்னவருடைய மொழியறிவைக் கல்வியென எண்ணியவர் எவருமில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சம்பளமும் அதிகாரமும் காரணமேயன்றி, கற்ற முறையின் தராதரம் காரணமன்று.

மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த மணியோடர் 1942இல் யப்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றியதோடு தடைப்பட்டது. போரின் பின் அந்நாட்டார் தம் உத்தியோகங்களைத் தாமே ஏற்கத் தொடங்கினர். இங்கோ 1945இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் பூகோளமும் சரித்திரமும் தமிழிலேயே போதிக்கப்படலாயின. அது நியாயமானது, தன் மொழியில் உலகத்தை அறிவது எந்தப் பிள்ளைக்கும் உரிமை. ஆயினும் அம்மாற்றத்தின் நிழலில் ஆங்கிலம், நிலமும் காலமும் அற்ற வெறும் வாக்கியப் பயிற்சியாகச் சுருங்கிப்போனதை யாரும் கவனித்ததாகத் தோன்றவில்லை. ஓர் ஆறும் ஓடாத, ஒரு சந்தையும் கூடாத பாடத்திலே காலவேற்றுமைகளை உருப்போடும் மாணவன், பத்தாண்டு படித்தும் வாய் திறக்கக் கூசுகின்றான்.

அன்றைய முறையிலும் பெருங்குறை ஒன்று இருந்தது. அது பிறர் தேசங்களையே கற்பித்தது. பேராக் ஆற்றின் போக்கைச் சொல்லத் தெரிந்தவருக்குத் தம் தீவின் கிணறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் இரு பக்கம் எழுத வேண்டிய தேவை நேர்ந்ததில்லை. ஒல்லாந்தர் தம் வரைபடத்தில் மிடில்பர்க் என்று பெயரிட்ட இத்தீவுக்கும், குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுப் பாதைக்கும், கடல் கடந்து சென்ற கடைக்காரருக்கும் ஆங்கிலத்தில் சொல்லத்தக்க பூகோளமும் சரித்திரமும் நிறைய உண்டு. பழைய ஆசிரியர்களின் முறையை ஏற்று, அவர்கள் விட்ட பொருளை அதில் இட்டு நிரப்பினால், புங்குடுதீவுப் பிள்ளையின் முதல் ஆங்கிலப் பாடநூல் புங்குடுதீவைப் பற்றியதாகவே இருக்கலாம். பேராக்கும் கலிபோர்னியாவும் இரண்டாம் புத்தகத்தில் வரட்டும்.