சிவப்பு மருந்துக்குப் பெயர் வந்த கதை

காசநோய்க்கு மருந்து சாப்பிடத் தொடங்கியவர்களில் சிலர் முதல் நாளே பதறிப்போவார்கள். சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். வியர்வை, கண்ணீரில்கூட அந்த நிறம் தெரியலாம். இரத்தமோ என்று பயந்து மருந்தையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இரத்தமல்ல, ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் சொந்த நிறம்.

இந்த மருந்தின் வரலாறு 1957-இல் தொடங்குகிறது. பிரான்சின் தென்கடலோரத்தில் பைன் மரக்காட்டிலிருந்து எடுத்த மண், இத்தாலியின் மிலான் நகரிலிருந்த லெப்பெட்டி நிறுவன ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், மற்றக் கிருமிகளைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. அப்போது பேர்பெற்றிருந்த பிரெஞ்சுப் படம் 'ரிஃபிஃபி'. ஆய்வாளர்கள் விளையாட்டாக அந்தப் பெயரையே வைத்தார்கள். அதிலிருந்து ரிஃபாமைசின் என்ற பெயர் வந்தது. பிரெஞ்சுக் கொச்சையில் ரிஃபிஃபி என்றால் அடிதடி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பிரெஞ்சில் இதுமாதிரிச் சொல்லுக்கெல்லாம் இடமில்லை!

முதலில் கிடைத்ததை விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேரவில்லை. பியேரோ சென்சியும் அவரோடு இருந்தவர்களும் அதன் அமைப்பைப் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1965-இல் ரிஃபாம்பிசின் உருவாயிற்று. 1968-இல் இத்தாலியில் விற்பனைக்கு வந்தது.

எந்த அலுவலகத்திலும் நகலெடுப்பவர் இல்லாவிட்டால் உத்தரவு வெளியே போகாது. கிருமிக்குள்ளும் அப்படித்தான். டி.என்.ஏ.விலுள்ள கட்டளையைப் படியெடுக்க ஒரு நொதி இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. மனித உடம்பில் இந்த வேலையைச் செய்யும் நொதியின் அமைப்பு வேறு. அதனால் நமக்குப் பாதகமில்லை. உறங்கிக்கிடந்து இடையிடையே விழிக்கும் கிருமிகளையும் இது விடுவதில்லை. ஒன்றரை ஆண்டு நீண்ட சிகிச்சை, பைராசினமைடும் சேர்ந்தபின், ஆறு மாதமாகக் குறைந்தது இதனால்தான்.

ஆனால் அந்த நொதியில் சிறிய மாற்றம் வந்தாலே மருந்து ஒட்டாது. அதனால் இதைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஐசோனியசிட் முதலியவற்றோடு சேர்த்துத் தருகிறார்கள். இருமல் நின்றதும் பாதியில் விட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று. இது கல்லீரலைத் தூண்டி, சில சர்க்கரை மாத்திரைகளையும் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும் சீக்கிரம் கரைத்துவிடும். வேறு என்னென்ன சாப்பிடுகிறோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிவப்பு நிறத்தைக் கண்டால் மருந்தை நிறுத்த வேண்டாம். உள்ளே போன மருந்துதான் அப்படித் தெரிகிறது.