பழைய கித்தாரின் உறுதி

கல்முனைப் பகுதியில் வயற்காணி வாங்கப் புகுவோர் இரண்டு காரியங்களைச் செய்வது வழக்கம். காணி உறுதியைக் கையிலெடுத்து, அது யாரிடமிருந்து யாருக்கு மாறி வந்தது என்று பார்ப்பது ஒன்று. வயலுக்கே சென்று எல்லைகளை நடந்து பார்ப்பது மற்றொன்று. உறுதி கூறும் எல்லையும் கண்ணாற் காணும் எல்லையும் ஒவ்வாவிடின், விலை எவ்வளவு மலிவாயினும் அறிவுடையோர் அக்காணியை வாங்கார். மருதமுனைக் கைத்தறித் துணியை வாங்குவோரும் முகப்பழகில் மயங்கிவிடாது, துணியைப் புரட்டி மறுபுறத்தையும் பார்ப்பர். பழம்பொருள் ஒன்றின் உண்மையையும் மதிப்பையும் அறிவதற்கும் இவையே வழிகள். இதற்குச் சான்றாகப் பேஸ் கித்தார் என்னும் இசைக்கருவியின் வரலாற்றை நோக்குவோம்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் இலங்கை வானொலி வழியே பட்டிதொட்டியெங்கும் பரவின. இத்தகைய இசையில் தாளத்தோடு இணைந்து அடியில் ஒலிக்கும் கனத்த நாதத்தை நேயர்கள் அறிவர். அதனைத் தரும் கருவியே பேஸ் கித்தார். முன்னர் அந்தப் பணியைச் செய்தது ஆளுயர நின்ற டபிள் பேஸ் எனும் பெருங்கருவி. அதைச் சுமந்து திரிவதும் சுருதி பிசகாது வாசிப்பதும் எளிதல்ல. 1951ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் லியோ பெண்டர் என்பவர், தோளில் மாட்டி வாசிக்கத்தக்க நான்கு தந்திகளையுடைய மின்கருவி ஒன்றை வெளியிட்டார். சுரத்தானங்களைத் துல்லியமாகக் காட்டும் உலோகக் கட்டைகள் அதன் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்தமையால், துல்லியம் எனப் பொருள்படும் 'பிரிசிஷன்' என்னும் பெயரை அது பெற்றது. 1960இல் 'ஜாஸ் பேஸ்' என்னும் மற்றொரு வகையும் வந்தது. 1965 ஜனவரியில் பெண்டர் தம் தொழிலை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அவ்விற்பனைக்கு முன்னர்ச் செய்யப்பட்ட கருவிகளையே சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர். அவற்றின் விலையும் அதற்கேற்ப உயர்ந்து நிற்கிறது.

விலை உயரும் இடத்தில் போலியும் தலைகாட்டும். ஆகவே கருவியின் உறுதியையும் எல்லையையும் ஒருங்கே ஆராய வேண்டியுள்ளது. 1950களின் நடுப்பகுதி முதல் 1970களின் நடுப்பகுதி வரை, கழுத்தை உடலோடு பிணைக்கும் தகட்டிலேயே தொடரிலக்கம் பொறிக்கப்பட்டது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அத்தகட்டை வேறொன்றுக்கு மாற்றிவிடலாம். அன்றியும் அவ்விலக்கங்கள் ஆண்டு வரிசையில் ஒழுங்காக அமைந்தவையல்ல. எனவே இலக்கத்தை மட்டும் நம்புதல் தகாது. கழுத்தைக் கழற்றினால் அதன் அடியில், பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட திகதி பெரும்பாலும் காணப்படும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்ளுறுப்பிலும் அதனைச் செய்த நிறுவனம், ஆண்டு, வாரம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்கள் உண்டு. அவ்வெண் 1962ஆம் ஆண்டைச் சுட்டுமாயின், அவ்வுறுப்புப் பின்னர் மாற்றப்படாதவிடத்து, கருவி அவ்வாண்டுக்கு முற்பட்டதாதல் இயலாது. இச்சான்றுகள் யாவும் ஒன்றையொன்று ஆதரித்தல் வேண்டும்.

இனி, பூச்சு. பழைய மெருகு மங்கி வெடித்திருப்பதைக் கண்டு, அழகுபடுத்தும் எண்ணத்தோடு புதிதாகப் பூசுவோர் உளர். அங்ஙனம் பூசப்பட்ட கருவியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது வணிகர் கணிப்பு. காலம் எழுதிய எழுத்தை அழித்தவர் மதிப்பையும் அழித்தவராகிறார்.

ஆயினும் இவ்விதிக்கும் விலக்குண்டு. பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த போல் மக்கார்ட்னி, 1961இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஹொஃப்னர் நிறுவனம் செய்த வயலின் வடிவப் பேஸ் கித்தார் ஒன்றை ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கினார். அது 1964இல் புதிதாக மெருகூட்டப்பட்டது; 1972இல் லண்டனில் ஒரு வாகனத்திலிருந்து களவு போயிற்று. அரை நூற்றாண்டின் பின்னர், தகவல் தருமாறு பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்துத் தேடினர். இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணிலிருந்து பழுதுற்ற நிலையில் அது வெளிப்பட்டது. இடக்கை வாசிப்புக்கென அமைந்த உடல், அருகருகே பதித்த இரண்டு ஒலிவாங்கிகள், பழைய ஒளிப்படங்களிற் கண்ட அடையாளங்கள் ஆகியன ஒத்திருந்தன. ஹொஃப்னர் நிறுவனமும் மெய்யென உறுதிப்படுத்த, அது உரியவரிடம் திரும்பிய செய்தி 2024 பெப்ரவரியில் வெளியாயிற்று. மறுபூச்சும் பழுதும் அதன் பெருமையைக் குறைக்கவில்லை. ஏனெனில் யாருடைய கையில் அது ஒலித்தது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது.

அம்பாறைக் கரையோர மக்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடல் புகுந்தபோது, உயிர்களும் உடைமைகளும் மட்டுமன்றி, பெட்டகங்களில் இருந்த பத்திரங்களும் அழிந்தன. காகிதம் போனபின் எஞ்சுவன மண்ணிலுள்ள அடையாளமும் அயலவரின் சாட்சியமுமே. வீட்டில் எஞ்சியிருக்கும் பழம்பொருள், இசைக்கருவியாயினும் பிறிதாயினும், அத்தகைய சாட்சியே. அதனை மெருகிடு முன்னரும் விற்குமுன்னரும், அது வந்த வழியை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் நன்று. எழுதப்பட்ட அந்த ஏடே நாளை அப்பொருளின் உறுதியாகும்.